கிள்ளையிலிருந்து கடலூருக்கு: இரண்டு டப்பா மீன் முட்டையும் முப்பத்தாறு மணி நேரமும்

போன மே மாதம், அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு புதன்கிழமை, கிள்ளையிலிருந்து கடலூர் வரை சுமார் அறுபது கிலோமீட்டர் போன கதை இது. பிச்சாவரம் படகு சவாரி பற்றித் தேடி இங்கே வந்தவர்கள் இப்போதே திரும்பிவிடலாம். படகில் நான் ஏறவே இல்லை. முட்டை, கரு, புழு என்று உயிருள்ள எதையாவது தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகவேண்டியிருக்கிற ஆய்வு மாணவர்களுக்காக எழுதுகிறேன். என்னைப் போல நீங்களும் முட்டாளாகக் கூடாது என்பதுதான் நோக்கம்.

கருவில் மூளை எப்படி உருவாகிறது என்று பார்ப்பது என் தொழில். காட்டுமன்னார்கோயிலில் பிறந்து, சிதம்பரத்தில் படித்து, குளிர் தேசத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்து, இப்போது பெங்களூரில் ஐந்து பேர் கொண்ட ஒரு சின்ன ஆய்வகம் நடத்துகிறேன். இவ்வளவும் ஒரே ஒரு கண்டுபிடிப்பின் மேல் நின்றது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வண்டி ஏறலாம்.

மீனின் பின்மூளையில் இடமும் வலமுமாக இரண்டு பெரிய நரம்பு செல்கள் உண்டு. தண்ணீரில் கல் விழுந்தால் மீன் சட்டென்று உடம்பை வளைத்து விலகுகிறதே, அந்தக் கட்டளை இவற்றிலிருந்து போகிறது. கரு வளரும்போது இடப்பக்க செல்லின் இழை நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய் வாலை நோக்கி இறங்கும். வலப்பக்கத்து இழை இடப்பக்கம் வரும். நடுக்கோட்டில் இருக்கிற சில வழிகாட்டி செல்கள் வேதிப்பொருளைக் கசியவிட்டு இழையைக் கூப்பிடுகின்றன என்பது பாடப்புத்தகம். பதினோரு வருடம் முன்பு, பிஎச்டி மாணவியாக இருந்தபோது நான் பார்த்தது வேறு. கிள்ளை உப்பங்கழியில் இருக்கும் ஒரு பொடிமீனின் கருவில், வழிகாட்டி செல்கள் தயாராவதற்கு நான்கு மணி நேரம் முன்பே இழை தாண்டியிருந்தது. கூப்பிட ஆள் இல்லாமலே தாண்டியிருந்தது. அந்த நான்கு மணி நேரம்தான் எனக்கு வேலையும் பெயரும் வாங்கிக் கொடுத்தது.

போன பிப்ரவரியில் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றிலிருந்து ஒரு இளைஞர் கடிதம் எழுதினார். மிக மரியாதையான கடிதம். இரண்டு வருடமாக முயல்கிறோம், உங்கள் நான்கு மணி நேரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை, எங்கே தவறுகிறோம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். தவறு அவருடையதாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்ததுதான் எனக்கு இன்னமும் உறுத்துகிறது. ஏனென்றால் என் ஆய்வகத்திலேயே ஜெனிஃபருக்கும் அது கிடைக்கவில்லை. ஜெனிஃபர் என் பிஎச்டி மாணவி, நான்காம் வருடம், கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண். அவளுடைய மூன்றாவது அத்தியாயம் முழுக்க என் நான்கு மணி நேரத்தின் மேல் எழுப்பியது. “தொட்டியில் வளர்ந்த மீன் சோம்பேறி ஆகிவிட்டது, கிள்ளை மீனில் பார்த்தால் கிடைக்கும்” என்று அவளிடம் அடித்துச் சொன்னேன். அந்த இளைஞருக்கும் அதையே எழுதினேன். அதை நிரூபிக்கத்தான் இந்தப் பயணம்.

திட்டம் எளிமையானது. விடியற்காலையில் முட்டை எடுப்பது, இருபத்தெட்டு டிகிரியில் பத்திரமாகக் கடலூரில் ஜெனிஃபர் வீட்டுக்குக் கொண்டுபோவது, முப்பத்தாறாவது மணியில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சில கருக்களை மருந்தில் போட்டு வளர்ச்சியை அப்படியே நிறுத்துவது, பெங்களூரில் இழைக்கு ஒன்று, வழிகாட்டி செல்லுக்கு ஒன்று என்று இரண்டு சாயத்தையும் ஒரே கருவில் ஏற்றிப் பார்ப்பது. மாணவியாக இருந்தபோது ஒரே கருவில் இரண்டு சாயம் ஏற்ற எனக்கு வசதி இல்லை. இழையைப் பார்க்க ஒரு தொகுதி முட்டை எடுத்தேன், வழிகாட்டி செல்லைப் பார்க்க இரண்டு வாரம் கழித்து இன்னொரு தொகுதி எடுத்தேன். இரண்டையும் மணிக்கணக்கை வைத்து ஒப்பிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய் இரவு சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்தில் தங்கினோம், இரண்டு படுக்கை அறை ஆயிரத்து நூறு ரூபாய். கொசு உண்டு. புதன் காலை நாலே முக்காலுக்கு வாடகைக் கார் வந்தது. ஓட்டுநர் செல்வம், சிதம்பரத்துக்காரர். கிள்ளை போய், அங்கிருந்து கடலூரில் விட்டுத் திரும்ப மூவாயிரத்து இருநூறு பேசியிருந்தோம். ஐந்தே காலுக்குக் கிள்ளையில் கலியமூர்த்தி வலையோடு நின்றார். என் மாணவி காலத்தில் எனக்கு மீன் பிடித்துக் கொடுத்தவர் இவர்தான்.

“மேடம், அப்ப ஒல்லியா இருந்தீங்க. வெள்ள கேனு ஒண்ணு தூக்கிகினு வருவீங்க, எண்ண கேனு மாதிரி. பஸ்சு ஏத்தி வுட்டதே நான்தான்.”

“ஞாபகம் வச்சிருக்கீங்களே!”

“எப்டி மறக்கும்? பொடிமீனுக்குக் காசு குடுத்த ஒரே ஆளு நீங்கதான்.”

இந்த மீனுக்கு ஊரில் தனிப்பெயர் கிடையாது. ஒரு விரற்கடை நீளம், கண்ணாடி போல உடம்பு, பெயர் வைக்கும் அளவுக்கு யாரும் இதைச் சாப்பிடுவதில்லை. வெளிச்சம் வந்ததும் முட்டையிடும். முட்டைகள் உடனே கீழே விழாமல் பெண் மீனின் வயிற்றுக்கடியில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்துக்குள் பிடித்தால் உண்டு, விட்டால் செடியில் உரசிவிட்டுப் போய்விடும். நாங்கள் பிடித்தது சதுப்புநிலக் காட்டுக்கு வெளியே, ஊர் வாய்க்காலில். அதற்கும் அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. காட்டுக்குள் கால் வைப்பதென்றால் வனத்துறையிடம் ஒரு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள்.

ஆறே முக்காலுக்குள் முட்டை சுமந்த மீன் இருபத்துமூன்று கிடைத்தது. ஒவ்வொன்றையும் ஈரக்கையில் பிடித்து, மெல்லிய தூரிகையால் கொத்தை எடுத்துவிட்டு வாய்க்காலிலேயே விட்டோம். ஒவ்வொரு மீனின் முட்டையையும் சரிபாதியாகப் பிரித்து இரண்டு டப்பாவில் போடச் சொன்னேன். ஆளுக்கொரு டப்பா, இரண்டு லிட்டர். ஒன்று கவிழ்ந்தால் இன்னொன்று இருக்கும் என்பதற்காகச் செய்கிற பழக்கம், வேறு உள்நோக்கம் இல்லை. டப்பாவைச் சுற்றி ஈரத்துணி, குளிர்பொதி, உள்ளே நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பத்தைக் குறித்துவைக்கும் சின்னக் கருவி. ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு இரண்டுமே இருபத்தெட்டு டிகிரி காட்டின. கலியமூர்த்திக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

ஏழு இருபதுக்குக் கார் நின்றது.

கிள்ளையை விட்டு நான்கு கிலோமீட்டர்கூட வரவில்லை. முன்பக்கத்திலிருந்து ஆவி அடித்தது. செல்வம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மேம், ரேடியேட்டர் ஓஸ் போயிடுச்சி. இதுக்கு மேல ஓட்டுனா இன்ஜினே போயிடும். ஒரு மணி நேரம் குடுங்க, மெக்கானிக்க வரச் சொல்றேன்.”

“ஒரு மணி நேரம் எங்கிட்ட இல்லீங்க. ஏசி இல்லாம பொட்டி சூடாயிடும்.”

“அப்ப பஸ்சு வரும் பாருங்க. டவுன் பஸ்சு, எட்டுக்குள்ள.”

சாலையில் நிழல் என்று சொல்ல ஒரு வேலிக்காத்தான் மரம்தான் இருந்தது. அதன் கீழே ஆளுக்கொரு டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்தோம். ஏழரைக்கு இருபத்தெட்டு புள்ளி மூன்று. ஏழு நாற்பதுக்கு இருபத்தெட்டு புள்ளி ஆறு. ஜெனிஃபர் தன் தண்ணீர் பாட்டிலைத் துணியில் ஊற்றினாள். நான் செல்வத்தைத் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்? குளிர்பொதிகளைக் குறைவாகக் கொண்டுவந்தது நான்தான்.

ஏழு ஐம்பதுக்குப் பேருந்து வந்தது. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத டவுன் பஸ், வண்டி நிறையக் கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும். முன்படியில் எப்படியோ ஏறினோம். நடத்துநர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

“யக்கா, பொட்டிய வச்சிகினு வழியில நிக்காதீங்க. எறங்குறவங்க எப்டி எறங்குவாங்க? அந்த இன்ஜின் மேல வச்சிட்டு உள்ள போங்க.”

நம் பக்கத்துப் பேருந்துகளில் ஓட்டுநருக்கு இடப்பக்கம் இன்ஜினை மூடிய ஒரு மேடை இருக்கும், தெரியும்தானே. கூடை, பால் கேன், புத்தகப் பை எல்லாம் அதன் மேல்தான் ஏறும். மேலே ஒரு பழைய ரெக்ஸின் விரித்திருப்பார்கள். அன்றைக்கும் இரண்டு சாப்பாட்டுப் பைகளும் ஒரு பூக்கூடையும் அங்கே இருந்தன.

“வேணாங்க, அது சூடா இருக்கும். உள்ள உசுரு இருக்கு” என்று சொன்னேன்.

சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கு உறைத்தது. இந்தப் பேச்சை இதே மாதிரி ஒரு பேருந்தில் நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். பதினோரு வருடம் முன்பு. அன்றைக்கு நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து லிட்டர் வெள்ளைக் கேன். கலியமூர்த்தி படியேற்றிக் கொடுத்தார், யாரோ வாங்கி இன்ஜின் மேல் வைத்தார்கள், எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் தூங்கிவிட்டேன்.

அது முதல் தொகுதி. இழையைப் பார்ப்பதற்காக எடுத்த தொகுதி. சிதம்பரத்தில் வண்டி மாறியபோதும் கேன் இன்ஜின் மேல்தான் ஏறியிருக்கும், பத்து லிட்டரை மடியில் வைக்க முடியாது. எனக்கு இரவல் கிடைத்த நுண்ணோக்கி கடலூரில் ஒரு கல்லூரியில் இருந்தது, போய்ச் சேர்ந்தால் அந்த அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வரும் வரைக்கும், சாயங்காலம் நாலு மணி வரை, வெயில் பட்ட வராந்தாவில் கேனோடு உட்கார்ந்திருந்தேன். என் நோட்டில் இருப்பது இரண்டே வரி: “7.10 கிள்ளை. 16.00 இன்குபேட்டர்.” நடுவில் ஒன்பது மணி நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் கழித்து வழிகாட்டி செல்களுக்காக எடுத்த இரண்டாவது தொகுதியோ, அப்போதைய என் பேராசிரியர் அனுப்பிய ஏசி காரில் சொகுசாக வந்தது.

மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக இல்லை. தண்ணீர் சூடானால் கரு வேகமாக வளரும். முதலாம் வருட மாணவருக்கும் இது தெரியும். ஒரு தொகுதி வெந்நீரில் வந்து முந்திக்கொண்டது, இன்னொன்று குளிரில் மெதுவாக வந்தது, நான் கடிகாரத்தைப் பார்த்து இரண்டுக்கும் ஒரே வயது என்று எழுதிவிட்டேன் என்றால் என் நான்கு மணி நேரம் எங்கிருந்து வந்தது?

கருவின் வயதை மணியில் சொல்லாதே, உடம்பைப் பார்த்துச் சொல் என்று வகுப்பில் நானே தொண்டை கிழியக் கத்துகிறேன். வளரும் மீன் கருவின் முதுகில் தசைத் துண்டுகள் வரிசையாகத் தோன்றும், ஏறத்தாழ மணிக்கு ஒன்று. அதை எண்ணினால் உண்மையான வயது தெரிந்துவிடும். அன்றைக்கு நான் எண்ணவில்லை. மூளைதானே வேண்டும் என்று தலையை மட்டும் வெட்டி எடுத்துச் சாயம் ஏற்றினேன். வயதைச் சொல்கிற முதுகையும் வாலையும் குப்பையில் கொட்டிவிட்டேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டே இதையெல்லாம் ஜெனிஃபரிடம் சொன்னேன். அவள் முகம் மாறுவதைப் பார்க்கப் பிடிக்காமல் ரெக்ஸினைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அப்ப என் தொட்டி மீன்ல கெடைக்காதது...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

“ஒரு டப்பாவ இன்ஜின் மேல வச்சிப் பாத்துடலாம்” என்றேன்.

“மேம், இப்ப வேணாமே. பெங்களூர் போயி இன்குபேட்டர்லயே சூடு பண்ணிப் பாத்துக்கலாம். அதான் முறையா இருக்கும்.”

அவள் சொன்னது நியாயம். என்னைப் பயமுறுத்தியதும் அந்த நியாயம்தான். பெங்களூர் போனால் அடுத்த மாத விண்ணப்பம் இருக்கும், கருத்தரங்கு இருக்கும், மீன் முட்டையிடாத வாரம் இருக்கும். தள்ளிப்போட நூறு காரணம் கிடைக்கும், ஒவ்வொன்றும் முறையாகவே இருக்கும். என்னை எனக்குத் தெரியும். டப்பாவை வைக்காவிட்டால் எதுவும் கெடப்போவதில்லை. நடத்துநருக்கும் ஓட்டுநருக்கும் தெரியாது, அந்த இளைஞருக்குத் தெரியவே தெரியாது. வைத்தால் நாளைச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

ஒரு நிறுத்தம் போயிற்று. இன்னொரு நிறுத்தமும் போயிற்று. என் டப்பாவிலிருந்து ஈரத்துணியை உருவினேன், குளிர்பொதியை எடுத்து ஜெனிஃபர் பையில் போட்டேன், டப்பாவைப் பூக்கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“அத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?” என்றார் நடத்துநர்.

எட்டு இருபத்தைந்துக்குச் சிதம்பரம் பேருந்து நிலையம். டப்பா முப்பத்தொன்று. எட்டு நாற்பதுக்குக் கடலூர் வண்டி, ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். நானே போய் டப்பாவை இன்ஜின் மேல் வைத்துவிட்டு, கருவி தெரியும்படி முதல் இருக்கையில் உட்கார்ந்தேன். ஜெனிஃபர் தன் டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புதுச்சத்திரத்தில் முப்பத்துமூன்றரை. ஆலப்பாக்கம் தாண்டியபோது முப்பத்தைந்தே முக்கால். முப்பத்தேழுக்கு மேலே போனால் கரு செத்துவிடும். செத்தால் ஒன்றும் தெரியாது. செத்துப்போகட்டுமே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பதினோரு வருடமாகக் கரு பிழைக்க வேண்டும் என்று மட்டுமே நினைத்துப் பழகியவள் நான். துப்பட்டாவை நான்காக மடித்து டப்பாவுக்கு அடியில் கொடுத்தேன். முப்பத்தைந்துக்கு இறங்கியது.

பத்தரைக்குக் கடலூர். ஆட்டோ எண்பது ரூபாய். மஞ்சக்குப்பத்தில் ஜெனிஃபரின் அம்மா வாசலிலேயே நின்றார். அரசுப் பள்ளி ஆசிரியை, பெயர் ஸ்டெல்லா. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, முந்தின வாரமே நாங்கள் அனுப்பியிருந்த நுண்ணோக்கிக்கும் வெப்பப் பெட்டிக்கும் இடம் செய்து வைத்திருந்தார். ஜெனிஃபரின் டப்பா இருபத்தெட்டு டிகிரிப் பெட்டிக்குள் போனது. என் டப்பா, பழைய கேனைப் போல, நாலு மணி வரைக்கும் வராந்தாவில் இருந்தது, அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் போனது. மதியம் சங்கரா மீன் குழம்பு. ஜெபம் முடிந்து சோற்றில் கை வைத்ததும் ஸ்டெல்லா டீச்சர் கேட்டார்.

“டிசம்பர்ல தீசிஸ் குடுத்துடுவாளா மேடம்? அவுங்க அப்பா இருந்தப்ப பேசி வச்ச எடம், பையன் வீட்டுல நாலு வருஷமா காத்துகினு இருக்காங்க. சபையில தேதி கேட்டுருக்கேன்.”

“பாப்போங்க” என்றேன். ஜெனிஃபர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் ஓரளவுதான் தாங்கும். டீச்சர் யாரையும் கேட்காமல் மின்விசிறி, விளக்கு, குளிர்சாதனப்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எங்கள் பெட்டியை மட்டும் விட்டுவைத்தார். ஒரு நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மகளின் படிப்பைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆறு மணிக்கு முப்பத்தாறு மணி நேரம் முடிந்தது. எது எந்த டப்பா என்று தெரிந்து எண்ணினால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு டப்பாவின் கருக்களையும் மூன்று கண்ணாடித் தட்டில் எடுத்து டீச்சரிடம் கொடுத்து, அவர் இஷ்டத்துக்குப் பெயர் எழுதி, கலைத்து வைக்கச் சொன்னேன். அவர் பூப் பெயராக எழுதினார். மல்லி, முல்லை, சாமந்தி, ரோஜா, கனகாம்பரம், அரளி. எது எங்கிருந்து வந்தது என்ற சீட்டை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

தசைத் துண்டுகளை நான் எண்ணவில்லை, ஜெனிஃபரை எண்ணச் சொன்னேன். தட்டுக்குப் பத்துக் கரு.

“மல்லி. பதினொண்ணு, பதினொண்ணு, பத்து, பன்னெண்டு...”

எழுதினேன்.

“முல்லை. பதினஞ்சு.” நிறுத்தினாள். மறுபடியும் எண்ணினாள். “பதினஞ்சு. பதினாலு. பதினஞ்சு. பதினஞ்சு...”

சாமந்தி பதினொன்று. ரோஜா பதினைந்து. கனகாம்பரம் பதினைந்து. அரளி பதினொன்று. ஆறாவது தட்டு முடிவதற்குள் என் கணக்கு முடிந்துவிட்டது. மணிக்கு ஒரு துண்டு, நான்கு துண்டு வித்தியாசம், நான்கு மணி நேரம். அதே மீன்களின் அதே காலை முட்டைகள். டீச்சர் சீட்டைப் பிரித்து வாசித்தார். முல்லை, ரோஜா, கனகாம்பரம் மூன்றும் இன்ஜின் மேல் வந்தவை.

“நல்ல ரிசல்ட்டா மேடம்?” என்று கேட்டார்.

“இல்லீங்க. என் பழைய ரிசல்ட் தப்பு. இவ மூணாவது அத்தியாயமும் அதோட போச்சு.”

“அப்ப டிசம்பர்?”

“டிசம்பர் ஆகாதுங்க. இவ மேல குத்தம் இல்ல. என் மேலதான்.”

அவர் சீட்டை மறுபடி மடித்தார். ஜெனிஃபர் எழுந்து போய் வராந்தாவில் நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நிற்கலாமா என்று யோசித்தேன், தைரியம் வரவில்லை. ஆனால் எட்டு மணித் தொகுதியை மருந்தில் போடவேண்டிய நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பு அவளே உள்ளே வந்து கையுறையை மாட்டிக்கொண்டாள்.

பத்து லிட்டர் கேனும் இரண்டு லிட்டர் டப்பாவும் ஒன்றல்ல, அன்றைய வெயிலும் இன்றைய வெயிலும் ஒன்றல்ல என்று வாதாட ஒரு சந்து இருந்தது. பெங்களூரில் அதுவும் அடைபட்டது. மடியில் பத்திரமாக வந்த கருக்களில் இரண்டு சாயத்தையும் சேர்த்து ஏற்றிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் வழிகாட்டி செல்கள்தான் முதலில் தயாராகியிருந்தன. இழை அதற்குப் பிறகே தாண்டியது. கிள்ளை மீன் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே ஒழுங்காக நடந்துகொள்கிறது, அதற்கும் நான் எழுதியதற்கும்தான் சம்பந்தமில்லாமல் போயிற்று. கட்டுரையைத் திரும்பப் பெறும்படி எழுதினேன். அந்த இளைஞருக்கும் எழுதினேன்: தவறு உங்களுடையது அல்ல, பேருந்தில் நான் தூங்கிவிட்டேன். அவர் பதில் இன்னும் வரவில்லை. எங்கள் ஆய்வகத்துக்கு வரவேண்டிய அடுத்த மானியம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஜெனிஃபர் மூன்று வாரம் என்னிடம் நேராகப் பேசவில்லை. நாலாவது வாரம் வந்து, இன்ஜின் மேல் இருந்த டப்பாவின் வெப்பக் குறிப்பு முழுவதும் வேண்டும் என்று கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். “இன்னும் தெரியல மேம், பாக்கணும்” என்றாள். கொடுத்தேன். கல்யாணத் தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று யார் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இனி, போகிறவர்களுக்குச் சில விஷயம். கிள்ளைக்கு மே, ஜூனில் போவதென்றால் ஐந்தேகாலுக்குள் வாய்க்காலில் இருங்கள், ஏழுக்கு மேல் வெயிலில் மீன் அடியில் போய்விடும். சிதம்பரத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர், காரில் முப்பது நிமிடம், டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம். குளிர்பொதி தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள். கார் நின்றுபோகும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். கடலூர் வண்டியில் பின்பக்கம் இடம் பிடியுங்கள், முன்னால் அனல் அடிக்கும். டப்பாவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், நடத்துநர் திட்டினால் திட்டட்டும். தலையை வெட்டினாலும் வாலை வைத்திருங்கள். எல்லாவற்றையும்விட, கிளம்பிய நேரமும் சேர்ந்த நேரமும் மட்டும் எழுதினால் போதாது. நடுவில் டப்பா எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது, நீங்கள் தூங்கினீர்களா என்பதுவரை எழுதுங்கள்.

ஆய்வக நோட்டில் பழைய எழுத்தை அழிக்கக்கூடாது, விட்டதை வேறு மையில், இன்றைய தேதி போட்டு, கையெழுத்தோடு சேர்க்கலாம். பெங்களூர் திரும்பிய அன்றே பழைய நோட்டை எடுத்து, 7.10க்கும் 16.00க்கும் நடுவில் இருந்த இடுக்கில் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கையெழுத்து போட ஜெனிஃபரைக் கூப்பிட்டேன். வந்து, வாசித்துவிட்டு, போட்டாள். அந்த வரி இவ்வளவுதான்: “கேன் இன்ஜின் மேல் இருந்தது.”